முப்பத்தெட்டுக்கு நான்காவது வழியனுப்பு விழா

துப்பாக்கிக் கடைக் கண்ணாடி அலமாரியில் அன்று ஒரே பரபரப்பு. முப்பத்தெட்டாம் நம்பர் தோட்டா வழக்கொழிந்துவிட்டது என்று புது விலைப்பட்டியல் அறிவித்திருந்தது. வருஷா வருஷம் அறிவிப்பதுதான். வருஷா வருஷம் அலமாரியில் நடக்கும் வழியனுப்பு விழாவில் பேசுவதும் பக்கத்துப் பெட்டி வெள்ளி நிறத் தோட்டாதான்.

"அண்ணன் அந்தக் காலத்துல ராஜா. ஆனா என் வேகத்துக்கு முன்னால..." என்று வெள்ளி ஆரம்பித்ததுமே கடைக் கதவு திறந்தது. ஓர் எஸ்டேட்காரர் பழைய ரிவால்வரை மேஜையில் வைத்தார்.

"இதுக்கு முப்பத்தெட்டு ரெண்டு பெட்டி குடுங்க."

"வெள்ளி பாருங்க சார், புது ரகம், நல்ல வேகம்" என்றார் கடைக்காரர்.

"அதுக்கு வேற துப்பாக்கி வாங்கணும், வேற லைசென்ஸ் எடுக்கணும். இந்த லைசென்ஸுக்கே நாலு வருஷம் கலெக்டர் ஆபீஸ் படியேறினேன்யா!"

வெள்ளியின் பேச்சு பாதியில் நின்றது. இரண்டு பெட்டி போன இடத்தில் மறுநாளே நாலு பெட்டி முப்பத்தெட்டு வந்து உட்கார்ந்தது.

அடுத்த வருஷம் தங்க நிறத்தில் ஒரு தோட்டா வந்தது. வழக்கொழிந்ததாகப் பட்டியல் சொன்னது இந்த முறை வெள்ளியை. விழாவில் முப்பத்தெட்டு பேசியது.

"நம்ம தம்பி வேகம் யாருக்கும் வராது..."

வெள்ளி கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டு நிறுத்தி நிதானமாகப் பேசி முடித்தது. அதுவரை கதவு திறக்கவேயில்லை.