பந்தைத் தொடாத டார்சி

இது நான் நேரில் பார்த்ததில்லை. எங்கள் ஊர் குர்ராபின் ஃபுட்டி கிளப்பின் கேன்டீனில் சிப்ஸ் பொரிக்கும் மொரீன் சொன்னது. சிப்ஸ் மேல் அவர் உப்புப் போடும் அளவு ஊருக்கே தெரியும்; கதைக்கும் அப்படித்தான். முடிந்தவரை உதறிவிட்டுச் சொல்கிறேன்.

அன்று எங்கள் மைதானத்தில் டெல்புரூக்கோடு ஆட்டம். ஜெயித்தாயிற்று. இரண்டு ஊர்க்காரர்களும் கிளப் அறையில் பீரும் கையுமாக நின்றிருந்தார்கள்.

கோச் கெல்வின் நாற்காலி மேல் ஏறினார். கையில் கறித் தட்டு. ஆட்டத்தில் சிறந்தவனுக்குக் கறிக்கடைக்காரர் வாராவாரம் கொடுப்பது.

"தட்டு இந்த வாரமும் டார்சிக்கு இல்லை!"

அறையே சிரித்தது.

டார்சி பின்வரிசையில் நின்று தடுக்கிறவன். எங்கள் ஃபுட்டியில் பந்தைக் கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம். டார்சி இரண்டும் செய்வது அபூர்வம். எதிரணியில் கோல் போடுகிறவனோடு ஒட்டிக்கொண்டே ஓடுவான். அவன் பிடிக்கப் போகும்போது பந்தை முஷ்டியால் ஒரு குத்து. அவ்வளவுதான்.

"டேய் டார்சி, இன்னிக்கு எத்தனை தடவைடா பந்தைப் பிடிச்ச?"

"ரெண்டு, கோச்."

"நடுவுல ஒரு நாய் ஓடி வந்துச்சே, அதுகூட மூணு தடவை கவ்விச்சுடா!"

டார்சியும் சிரித்துவைத்தான். தட்டு ஒரு சுருட்டைமுடிக்காரனுக்குப் போனது.

"ஒரு நிமிஷம்" என்றது ஒரு குரல். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருந்த டீச்சர் ஃப்ரெயா. "டெல்புரூக்குல ஒட்டகச்சிவிங்கின்னு கூப்பிடறாங்களே அந்த உயரமானவரு, வாராவாரம் கோலா போட்டுத் தள்ளுவாராமே? இன்னிக்கு ஒண்ணுகூட இல்லையே. அவரைப் பிடிச்சு வெச்சிருந்தது டார்சிதானே?"

கெல்வின் நாற்காலியிலிருந்து குதித்தார்.

"டீச்சரம்மா, சிப்ஸ் ஆறுது, வாங்க வாங்க" என்று அவரைக் கேன்டீன் பக்கம் தள்ளிக்கொண்டே போனார்.

"கெடுத்தீங்களே! அதோ நிக்கறாரே பார்னெட், டெல்புரூக் கிளப் தலைவர். இங்க யாரைப் பாராட்டினாலும் திங்கக்கிழமை காலையில அவனுக்கு அவர்கிட்டேர்ந்து போன் வரும். காசு, வேலை, என்ன வேணும்னு கேட்டுக் கேட்டுத் தருவாரு. போன வருஷம் எங்க நெட்டையனைத் தூக்கிட்டாரு. அதுக்கு முந்தி அண்ணன் தம்பி ரெண்டு பேரையும்."

"அதனால?"

"அதனால டார்சி உருப்படாதவன்னு ஊரே கூடிச் சொல்லிட்டிருக்கோம். எங்க பாதிரியார்கூடத்தான்."

"பார்னெட் ஆட்டத்தைப் பார்க்கறதில்லையா? கண்ணு தெரியாதா அவருக்கு?"

"கோல் விழாததுக்குக் காத்துதான் காரணம்னு பரப்பி வெச்சிருக்கோம்."

"சரி, டார்சிக்கு இதெல்லாம் தெரியுமா?"

கெல்வின் ஒரு சிப்ஸை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "தெரிஞ்சா அவனே கிளம்பிடுவானே."

"அதுக்காக, தான் ஒண்ணுக்கும் ஆகாதவன்னு அந்த மனுஷன் நம்பிட்டே கிடக்கணுமா? நல்ல கிளப்பு!"

அதற்குள் டார்சியே வந்துவிட்டான், ஷூக்களைக் கையில் தொங்கவிட்டபடி.

"கோச், அடுத்த வாரம் ஃபைனலுக்கு என்னை எடுக்காதீங்க."

"ஏன்டா, எங்கயாவது அடிபட்டுச்சா?"

"அதெல்லாம் இல்லை. வருஷம் பூரா இதையே கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. நான் பாரமாத்தானே இருக்கேன்? அந்த நாயைச் சேர்த்துக்குங்க."

ஃபைனலும் டெல்புரூக்கோடுதான். டார்சி இல்லாவிட்டால் ஒட்டகச்சிவிங்கி எங்களை மேய்ந்துவிடும். அவனைப் புகழ்ந்தாலோ, கைக்கெட்டும் தூரத்தில் பார்னெட். கெல்வினின் முகம் கொதிக்கிற சிப்ஸை முழுங்கியவன் முகம்போல இருந்ததாம்.

விறுவிறுவென்று போய்ச் சுருட்டைமுடிக்காரன் கையிலிருந்து தட்டைப் பிடுங்கினார். மறுபடி நாற்காலி மேல் ஏறினார்.

"எல்லாரும் கேளுங்க. இத்தனை நாள் நான் வாய் கூசாம பொய் சொல்லிட்டேன். டார்சி மாதிரி ஆட்டக்காரன் இந்தச் சுத்துவட்டாரத்துலயே கிடையாது. அவன் கூட ஓடினவன் எவனும் சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போனதில்லை. யோவ் பார்னெட், நல்லாக் கேட்டுச்சா? போன் பண்றதுன்னா பண்ணிக்கோ. போறதும் இருக்கறதும் அவன் இஷ்டம்."

பார்னெட் தன் பீர் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். டார்சி காதெல்லாம் சிவக்க, தட்டைக் குழந்தைபோல அணைத்து வாங்கிக்கொண்டான்.

ஃபைனலில் ஆடினான். ஒட்டகச்சிவிங்கி அன்றும் கோல் போடவில்லை. ஆனாலும் தோற்றோம். இந்த முறை நிஜமாகவே காற்றாம்.

"கையில இருக்கறவன் போனாப் போறான்னு உண்மையைச் சொன்னாரு பாருங்க, கெல்வினுக்கு எவ்வளவு பெரிய மனசு!" என்று மொரீன் ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் சொன்ன கதை அதோடு முடிந்தது.

டார்சி இன்றும் எங்களுக்காகத்தான் ஆடுகிறான். அது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. டெல்புரூக் போயிருந்தபோது பார்னெட்டையே கேட்டுவிட்டேன், அந்த நாளுக்கு அப்புறம் டார்சிக்குப் போன் செய்தாரா என்று.

"அப்புறமா? அதுக்கு முன்னாடியே வருஷா வருஷம் பண்ணிட்டுத்தானே இருக்கேன்? எங்க ஆளு அவன்கிட்ட மாட்டி முழிக்கறதைப் பார்க்கறவனாச்சே நான். ஒவ்வொரு தடவையும், அன்னிக்கு அப்புறமும்கூட, சிரிச்சுக்கிட்டே ஒரே பதில்தான்: 'ஐயோ, நான் உருப்படாதவன் சார். சந்தேகம்னா எங்க கோச்சையே கேட்டுப் பாருங்க.'"