வீட்டில் ஒரு சாமி

"மதினி, வெள்ளிக்கிழமையே கண்டனூருக்கு வந்துருங்க. கல்யாணப் பலகாரத்துக்கு உங்க கைதான் வேணும்" என்றாள் நாத்தனார் சத்தியப்பிரியா, போனில்.

போன கல்யாணத்தில் அடுப்படியே கதியென்று கிடந்து, தாலி கட்டியதைக்கூடப் பார்க்காதவள் துர்காதேவி.

"கல்யாணத்தன்னைக்கு வாரேன் பிரியா. அதுக்கு முன்னாடி முடியாது. வீட்டுல பழனிக்கு மாலை போட்ட சாமி இருக்கு. வேளாவேளைக்குச் சுடச்சுடச் சாப்பாடு வேணும், நல்லாத் தூங்கணும், யாரும் ஒரு சுடுசொல் சொல்லக் கூடாது."

"அண்ணன் மாலை போட்டிருக்காகளா? சொல்லவே இல்லையே! அப்ப வராதீக மதினி. சாமியை நல்லாக் கவனிச்சுக்கங்க."

"கவனிக்காம? இத்தனை வருசம் கவனிக்காம விட்டதுக்கும் சேர்த்துல்ல கவனிக்கிறேன்!"

அப்போது அடுப்படியிலிருந்து கணவர் முத்தரசு தம்ளரோடு வந்தார்.

"சாமி, காப்பி. இனிப்பு போதுமான்னு பாருங்க."

கழுத்தில் கிடந்த துளசி மாலையைச் சரிசெய்துகொண்டு துர்காதேவி தம்ளரை வாங்கினாள்.

முத்தரசு 'சாமி' என்று கூப்பிட்டது போனிலும் கேட்டிருந்தது.

"மாலை போட்டது நீங்களா! சரி மதினி… கழட்டினப்பறம், அடுத்த விசேசத்துக்குப் பழையபடி வந்துருவீகல்ல?"

துர்காதேவி ஆற அமர ஒரு வாய் குடித்தாள்.

"மாலையைக் கழட்டலாம் பிரியா. உள்ள இருக்க சாமியை எப்படிக் கழட்டுறது?"