கை தூக்கும் வகுப்பு

"ஊமைக்கோட்டான் வகுப்புன்னு பேர் வாங்கின பசங்களா இவங்க? என்ன மாயம் பண்ணினீங்க?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

டீச்சருக்கு உச்சி குளிர்ந்தது. வேலை நிரந்தரமா, இல்லை மூட்டை கட்ட வேண்டியதுதானா என்பது இன்று தெரிந்துவிடும். இந்தப் பிள்ளைகளை ஒரு வார்த்தை பேசவைக்க முடியாமல் அவளுக்கு முன்னால் இரண்டு பேர் ஓடியிருந்தார்கள். இப்போதோ, கேள்வி முடிவதற்குள் அத்தனை கைகளும் மேலே நிற்கின்றன.

"மாயமெல்லாம் இல்ல மேடம். கேள்வியைக் கேட்டுட்டு போர்டு பக்கம் திரும்பிடுவேன். நம்ம முகத்தைப் பார்த்தாத்தானே கூச்சம்? யாராவது பதில் சொல்ற வரைக்கும் திரும்பவே மாட்டேன். முதல் வாரம் மூச்சுப் பேச்சு இல்ல. அப்புறம் என்ன, நான் முந்தி நீ முந்தின்னு ஆரம்பிச்சுட்டாங்க."

"அது சரி, முன்னாடி இப்படி இடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க, கடைசி பெஞ்சு காலியா கிடக்கே?"

"ஆர்வம் மேடம். எவ்வளவு சொல்லியும் ஒருத்தரும் அங்க போக மாட்டேங்கிறாங்க."

தலைமையாசிரியை சிரித்தார். "வேலையைப் பத்தி இனிமே கவலைப்படாதீங்க. எங்க, நானும் ஒண்ணு கேட்கிறேன். நிலா ஏன் எப்பவும் நமக்கு ஒரே பக்கத்தைக் காட்டுது?"

பாடத்தில் இல்லாத கேள்வி. ஒரு கையும் எழவில்லை. போச்சுடா என்று நினைத்தாள் டீச்சர்.

"அவசரமில்ல, யோசிங்க" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல் போர்டு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

யாரோ விசும்பினார்கள். பின்னால் ஒரு பெஞ்சு கிரீச்சிட்டது. அப்பாடா, ஒருத்தராவது எழுந்தார்களே என்று நினைத்தாள்.

"நான்... நானே சொல்லிடறேன்."

தலைமையாசிரியையின் குரல் அது. டீச்சர் திரும்பினாள். கேள்வி கேட்டவரே கையை உயரத் தூக்கிக்கொண்டு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. அவர் பார்வை பிள்ளைகளைத் தாண்டிப் பின்னால் போயிருந்தது. அங்கே கடைசி பெஞ்சு காலியாகத்தான் இருந்தது.

"என்ன மேடம், என்ன ஆச்சு?"

முன் பெஞ்சுச் சிறுமி டீச்சரின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க திரும்பி நின்னுக்கிறீங்க, உங்களுக்குத் தெரியாது மிஸ். நாங்க யாரும் கை தூக்கலைன்னா, அந்தக் காலி பெஞ்சுலேர்ந்து ஒரு கை மேல வரும்."