ஐந்து மணிக்குள் ஒரு முத்திரை

மூன்றரை ஆகியும் சீஃப் சிமியு தலையை நிமிர்த்தவில்லை.

நஞ்சாலா வரிசையின் நடுவில் நின்றாள். கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள். ஐந்து மணிக்கு இணையதளத்தை மூடிவிடுவார்கள். எல்லாம் ஏற்றியாகிவிட்டது, ஒரே ஒரு கடிதம் தவிர. இவள் தாய் மட்டுமே வளர்த்த பிள்ளை என்று அரசாங்க அதிகாரியான ஊர் சீஃப் தன் கைப்பட எழுதி, முத்திரை குத்தித் தரவேண்டிய கடிதம்.

அது இல்லாமல் உதவித்தொகை இல்லை. உதவித்தொகை இல்லாமல் நர்சிங் சீட்டு இல்லை.

திங்கட்கிழமை வந்தாள். சீஃப் சாவு வீட்டுக்குப் போயிருந்தார். செவ்வாய், ஊர்க்கூட்டம். நேற்று ஆள் இருந்தார், முத்திரை இல்லை என்றார்.

முத்திரை மேசை மேலேயே இருந்தது.

"ஆடு திருடு போயி மூணு வாரமாச்சு," என்றாள் முன்னால் நின்ற பெண். "இவரு விசாரிச்சு முடிக்கறதுக்குள்ள தின்னவனுக்குச் செரிச்சே போயிருக்கும்."

வரிசை சிரித்தது. நஞ்சாலா சிரிக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் பறந்தாலும், இன்டர்நெட் இருக்கும் சைபர் கடைக்கு இருபது நிமிடம்.

நாலு பத்துக்கு அவள் முறை வந்தது.

முன்னால் போன பெண்களையெல்லாம் "வா மகளே" என்றவர், இவளிடம் வெறுமனே கையை நீட்டினார். எல்லோரிடமும் டீச்செலவுக்குக் கேட்பவர், இவளிடம் கேட்கவில்லை. தாளை இழுத்துவைத்து எழுத ஆரம்பித்தார். அவள் பெயர். அம்மா பெயர். பிறகு பேனா நின்றது.

"அப்பா பேரு?"

ஆட்டுக்காரி இன்னும் போகாமல் சுவரோரம் நின்றிருந்தாள். அவள் சட்டென்று தரையைப் பார்த்தாள். வரிசையில் யாரும் இருமக்கூட இல்லை.

பெயர் நஞ்சாலாவின் நாக்கு நுனியில் இருந்தது. இத்தனை பேர் முன்னால் அதைச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. சொன்னால் அந்த ஆளின் அடையாள அட்டை கேட்பார்கள், சம்பளச் சீட்டு கேட்பார்கள். அரசாங்கச் சம்பளக்காரன் மகளுக்கு எவன் உதவித்தொகை தருவான்?

நாலு பதினேழு.

"தெரியாதுன்னு எழுதுங்க."

பேனா அசையவில்லை.

"எழுதுங்க சீஃப். எனக்கு நேரமாகுது."

எழுதினார். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. முதல் குத்தில் மை சரியாக விழவில்லை. இன்னொரு முறை அழுத்திக் குத்தினார். அவள் தாளை உருவிக்கொண்டு ஓடினாள்.

நாலு ஐம்பத்து நான்குக்கு, விண்ணப்பம் வந்து சேர்ந்தது என்று சைபர் கடைத் திரையில் எழுத்து மின்னியது. அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

சந்தையிலிருந்து அம்மா போன் செய்தாள். "எழுதிக் குடுத்துட்டானா?"

"குடுத்துட்டாரு."

 

அம்மாவின் வயிற்றில் இருப்பதற்கு அப்பன் யாரென்று தனக்குத் தெரியாது என்று இருபது வருடத்துக்கு முன்னால் சிமியு சொன்னது வெறும் வாய்வார்த்தை. இன்றுதான் முத்திரை குத்தித் தந்திருக்கிறார்.