ஆமென் சொல்லாதவள்

ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பெண் பார்க்க வந்தவர்கள் கண்ணை மூடியிருந்தார்கள். பெரியப்பா தேவஇரக்கம் எழுந்து நின்று நீட்டி முழக்கி ஜெபித்துக்கொண்டிருந்தார். அப்பா இல்லாத அந்த வீட்டில் முன்னின்று எதையும் செய்வது அவர்தான்.

"எந்தக் குறையும் இல்லாத எங்க பிள்ளை ஹெப்சிபாவுக்காக ஸ்தோத்திரம், ஆண்டவரே!"

கூடம் முழுக்க ஆமென் என்றது.

அவள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். சிரிப்பு மூக்கு வழியாக வெளியே வந்தது.

அம்மாவின் முழங்கை விலாவில் இடித்தது.

காலையிலிருந்து அம்மா படித்துப் படித்துச் சொன்னது இரண்டே விஷயம்தான். சிரிக்காதே. சொல்லாதே.

சிரிப்பாவது பரவாயில்லை. வாயாடி என்று பேர் வரும், அவ்வளவுதான்.

சொல்லக் கூடாதது வேறு.

கல்லூரியில் படிக்கும்போது அவளுக்கு வலிப்பு வந்தது. இப்போது மாத்திரையில் அடங்கியிருக்கிறது. முற்றாகப் போய்விடவில்லை. எப்போதாவது ஒரு தடவை வரும், போகும்.

பாலர் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்த அன்றைக்கே அங்கே சொல்லிவிட்டாள். இதற்கு முன் பெண் பார்க்க வந்தவர்களிடமும் அப்படியே சொன்னாள். முதலில் வந்த வீட்டார் காபி குடிக்காமல் எழுந்து போனார்கள். அடுத்து வந்தவர்கள் குடித்துவிட்டுப் போனார்கள்.

"கல்யாணம் முடியட்டும். பெறவு மெதுவா சொல்லிக்கிடலாம்" என்று அம்மா இந்தத் தடவை கண்ணீரோடு கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்து அவளும் தலையாட்டியிருந்தாள்.

ஆனால் கல்யாணமாகிப் போகும் அந்தப் புது வீட்டை நினைத்துப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது.

குளியலறைக் கதவைத் தாழிட்டு, சத்தம் கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டு, ஒருத்தி மாத்திரை விழுங்குகிறாள்.

அந்த வீட்டில் எப்படிச் சிரிப்பது?

ஜெபம் முடிந்தது. எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். எதிரே இருந்த மாப்பிள்ளை ரூபன் திறக்கவில்லை. அவன் கண் முன்பே திறந்துதான் இருந்தது.

"என்னம்மா, சிரிப்பு?" என்றார் ரூபனின் அம்மா ஞானபாக்கியம். குரலில் கோபம் இருந்ததா என்று தெரியவில்லை.

அம்மா அவசரமாகக் காபித் தட்டை எடுத்தாள்.

"பெரியப்பா ஜெபத்துல ஒரு தப்பு இருக்கு ஆன்ட்டி" என்றாள் அவள். "எனக்குக் குறை இருக்கு. வலிப்பு வரும். மாத்திரை சாப்பிடுதேன். தெரிஞ்சுகிட்டே ஆமென்னு சொன்னா, ஆண்டவர்கிட்டயே பொய் சொன்ன மாதிரி ஆயிருமேன்னு நெனச்சேன். சிரிப்பு வந்துட்டு."

தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன.

பெரியப்பா மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

ஞானபாக்கியம் கணவரைப் பார்த்தார். இருவரும் எழுந்து வாசலுக்குப் போனார்கள். ரூபனும் பின்னாலேயே போனான். காருக்குப் பக்கத்தில் நின்று மூவரும் பேசுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவளுக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். "மன்னிச்சிரும்மா" என்றாள்.

அம்மா தோளில் இருந்த கையைத் தட்டிவிடவில்லை.

விநோதம்தான். அவளுக்குப் பசித்தது. காலையிலிருந்து தொண்டையில் ஒரு பருக்கை இறங்கவில்லை. இப்போது வயிறு கூப்பிட்டது. விருந்தாளிகளுக்கு வைத்த தட்டிலிருந்து ஒரு முந்திரிக்கொத்தை எடுத்துக் கடித்தாள். நன்றாக இருந்தது. இன்னொன்றையும் எடுத்தாள்.

வாய் நிறைய இருக்கும்போது ரூபன் உள்ளே வந்தான்.

தனியாக வந்தான். வாசலைத் தாண்டி, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். மேல்சட்டைப் பித்தானைத் திருகினான்.

"நானும் ஆமென் சொல்லல" என்றான்.

அவள் மென்றபடியே ஏன் என்பதுபோல் பார்த்தாள்.

"ஜெபத்தையே கவனிக்கல. நீங்க சிரிப்ப அடக்கப் பட்ட பாட்டப் பாத்துகிட்டிருந்தேன்."

அவள் சிரித்துவிட்டாள். அடக்கவே இல்லை. முந்திரிக்கொத்துத் தூள் புரையேறியது. இருமினாள், இருமலுக்கு நடுவிலும் சிரித்தாள். அந்தச் சத்தம் கூடத்தைத் தாண்டி வாசலைத் தாண்டித் தெருவரைக்கும் போயிருக்கும்.

ரூபன் பதறித் தண்ணீர்ச் செம்பை எடுத்து நீட்டினான்.

சத்தம் கேட்டு ஞானபாக்கியம் வேகமாக உள்ளே வந்தார். இருமுகிறவளையும், செம்போடு நிற்கும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிறகு ஒரு நாற்காலியை இழுத்து, அவளுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். முழங்கால் முழங்காலில் முட்டியது.

"வலிப்பு வந்துச்சுன்னா பக்கத்துல இருக்கவங்க என்ன செய்யணும்? சாவிக்கொத்த கையில குடுக்கணும்லா?"

"சாவியெல்லாம் வேண்டாம், அத்தை. கைய, கால அமுக்கிப் பிடிக்கவும் கூடாது..."

ஆன்ட்டி அத்தையானதை அவள் கவனிக்கவில்லை. அம்மா கவனித்தாள். தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள்.

ஞானபாக்கியம் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார்.

"இரும்மா, இரு."

வாசல் பக்கம் திரும்பி உரக்கக் கூப்பிட்டார்.

"ஏங்க, அங்க என்ன செய்யுதீங்க? உள்ள வந்து கேளுங்க. வீட்டுல எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கிடணும்லா!"