லேப்பில் வைத்த படையல்

“கீழ வைங்க அதை. யாரும் வாயில வைக்கக் கூடாது.”

ஆயுத பூஜை நாளும் அதுவுமாக, சுண்டல் சட்டியைப் பார்த்து இப்படிக் கத்துகிறவளை என்ன சொல்ல?

கத்தியவள் புஷ்பவள்ளி. மானகிரி தாண்டி இருக்கும் அந்தத் தனியார் கால்நடைத் தடுப்பூசி ஆராய்ச்சி நிலையத்தில் பாதுகாப்பு அதிகாரி. முகத்தில் மாஸ்க், கைகளில் உறை, கக்கத்தில் பெரிய மஞ்சள் பை.

கிருமி அறையில் மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாலை. மேசை மேல் இலை விரித்து, பொரி கடலையும் சுண்டலும் படைத்து, சூடம் காட்டியாகிவிட்டது. இப்போதுதான் எல்லாவற்றையும் வராந்தாவுக்குத் தூக்கி வந்திருந்தார்கள். நல்ல பசி வேளை.

“கிருமி இருக்கிற அறைக்குள்ள திங்கிற பொருள் போகவே கூடாது. போனா, ஆவியில போட்டுக் கிருமியைக் கொல்லாம வெளிய வரக் கூடாது. சட்டம் அது.”

“ஏற்கனவே வெந்த சுண்டல்தான் மேடம்” என்றான் டெக்னீஷியன் வீரபாண்டியன். எல்லாரும் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. சட்டியைத் தூக்கி அப்படியே மஞ்சள் பைக்குள் கவிழ்த்தாள். பொரி, பழம், எதையும் மிச்சம் வைக்கவில்லை.

ராக்காயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அங்கே கூட்டித் துடைக்கிறவள் அவள். காலையிலேயே தலைக்குக் குளித்து, அவள் வீட்டு அடுப்பில் அவித்த சுண்டல் அது.

“ஏன் மேடம், நான் அவிச்சதுன்னு கொட்டுறீகளா? எங்க வீட்டுப் பண்டம்னா அம்புட்டு எளப்பமா?”

“அதில்லக்கா. வெளிய வச்சுக் கும்பிட்டிருந்தா நானே மொத ஆளா வாங்கித் தின்னிருப்பேன்.”

“மெசினு உள்ளதான இருக்கு? சாமிய உள்ள வச்சுட்டுப் படையலை வெளிய வப்பாகளா?”

புஷ்பவள்ளியின் பார்வை ராக்காயியின் மடிக்குப் போனது. “மடியில என்னக்கா?” என்றாள்.

“எம் மகளுக்கு. டைரக்டரய்யா அவுக கையாலயே பொட்டலம் கட்டிக் குடுத்தாக. தர மாட்டேன்.”

சத்தம் கேட்டு டைரக்டர் மீனாட்சிசுந்தரம் வந்தார். பட்டு வேட்டி, நெற்றி நிறைய விபூதி. பூஜைக்காகக் கிருமி அறையைத் திறந்துவிடச் சொன்னதே அவர்தான்.

“என்னம்மா அக்கிரமம் இது? ஒரு ஏழைப் பொம்பளை ஆசையாச் செஞ்சதைக் கொட்டுறியே. சட்டமாம் சட்டம். டெல்லியில ஏசி ரூம்ல உக்காந்து எழுதினது. சாமி பிரசாதத்துல கிருமி ஒட்டுமா?”

“சார், நேத்து சாயங்காலம் அந்த மேசையில அடைப்பான் கிருமிக் குப்பி ஒண்ணு உடைஞ்சிருக்கு. யாரோ துடைச்சுட்டுச் சொல்லாம போயிருக்காக. இப்பத்தான் கேமராவுல பார்த்தேன். ஆடு மாட்டைக் கொல்ற கிருமி சார், மனுசனையும் விடாது. சட்டப்படி அறையை மூடி சீல் வச்சு, அரசாங்கத்துக்குச் சொல்லியிருக்கணும். நாம சந்தனம் பூசிக்கிட்டு இருக்கோம்.”

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. டைரக்டர், “ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்” என்று தோட்டத்துப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது குரல் இன்னும் ஏறியிருந்தது.

“குப்பி உடைஞ்சா என்ன, துடைச்சாச்சுல்ல? என் பேத்திக்கும் இதே சுண்டலைத்தான் காருல குடுத்து அனுப்பியிருக்கேன். என் வீட்டுப் பிள்ளைக்கு ஆகாததையா இவுகளுக்குக் குடுப்பேன்?”

அவ்வளவுதான், முணுமுணுப்பு அடங்கிவிட்டது. எப்பேர்ப்பட்ட மனுஷர்.

“ராக்காயிகிட்ட மன்னிப்புக் கேளு. இல்லைன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே.”

“வரலை சார். ஆனா அந்தப் பொட்டலம் இந்த வாசலைத் தாண்டாது.” என்றாள் புஷ்பவள்ளி.

“தாண்டும். நீ போக்கா, நாங்க இருக்கோம்” என்றான் வீரபாண்டியன்.

ராக்காயி மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். புஷ்பவள்ளி ஓடிப்போய்ப் படியில் குறுக்கே நின்றாள்.

“தள்ளுங்க மேடம். உங்க புள்ள வயித்துலயா அடிக்கிறேன்? எம் புள்ளைக்குக் கொண்டு போறேன்.”

“உங்க புள்ளைக்காகத்தான்க்கா நிக்கிறேன்.”

கால் மணி நேரத்துக்கு மேல் ஆளுக்கு ஆள் கத்தினார்கள். நாலு பேர் சேர்ந்து புஷ்பவள்ளியைப் பிடித்து இழுத்தார்கள். அவள் தூணைக் கட்டிக்கொண்டு நகர மறுத்தாள்.

அப்போது கேட்டுப் பக்கமிருந்து டைரக்டரின் டிரைவர் காளிராஜ் வந்தான். கையில் மண்வெட்டி, சட்டையெல்லாம் ஈரம்.

“சார், நீங்க போன்ல சொன்னபடியே வண்டியைத் திருப்பிட்டேன். சுண்டலைக் கேட்டுக்கு வெளிய ஆழமாக் குழி வெட்டிப் பொதைச்சாச்சு. கையையும் ரெண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிட்டேன். பாப்பாவுக்குக் கடையில ஸ்வீட் வாங்கிட்டுப் போகவா?”

புஷ்பவள்ளியைப் பிடித்திருந்த கைகள் தாமாக விலகின.

ராக்காயி மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்து, தானே அந்த மஞ்சள் பைக்குள் போட்டாள். பிறகு டைரக்டர் பக்கம் திரும்பினாள்.

“எம் மக மட்டும் திங்கலாமாய்யா?”