துருத்திக்காரி

ஜெர்மனியின் லவுசிட்ஸ் பகுதியில் ஒரு கிராமத் தேவாலயத்தின் முந்நூறு வருஷத்துக் குழாய் ஆர்கனை நோவாக் பழுதுபார்த்து முடித்திருந்தார். பின்னாலிருந்து ஹன்கா துருத்தி மிதித்துக் காற்று கொடுத்தால்தான் அது பாடும்.

"ஒரு மோட்டார் வச்சிட்டா உங்களுக்கு இந்தப் பாடு இல்லம்மா."

"என் காலு, நான் மிதிக்கிறேன். உங்களுக்கு ஏன் வலிக்குது?"

கூலி போய்விடும் என்று பயப்படுகிறாள் போலிருக்கிறது என நினைத்து, அவர் விட்டுவிட்டார்.

கீழ்த்தெருவை இடித்து நிலக்கரி தோண்டிய கம்பெனி முதலாளிதான் செலவு முழுவதையும் கொடுத்தவர். திறப்பு விழாவில் அவர் உள்ளே நுழைந்ததும் ஆர்கன் முழங்க வேண்டும் என்று ஏற்பாடு.

அவர் நுழைந்தார். வாசிப்பவர் பத்து விரலாலும் அழுத்தினார். சத்தமே வரவில்லை.

நோவாக் பின்பக்கம் ஓடினார். ஹன்கா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"மிதிங்கம்மா, மானம் போகுது."

"என் வீட்டை இடிச்சவனுக்கா? மோட்டாருக்கு ரோஷம் இருக்காதுங்க. அதான் வேண்டாம்னேன்."